கண்டதும் கருதியதும்: மூலிகைச் சேர்மம், புற்றுநோய் உயிரணு, வாய்மை

ஒரு செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சேர்மம் புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கிறது என்று ஆய்வுக்கூடம் ஒன்று அறிவிக்கும்போது, அக்கூற்று உண்மைதானா என்று கேட்பதோடு, அது எவ்வகையான உண்மை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. முதற்கேள்விக்கு வேதியியலும் உயிரியலும் விடை தரும். இரண்டாவது மெய்யியலின் பாற்பட்டது. விரல்நுனி அளவேயான குழி ஒன்றில் வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் மடிந்ததைக் கண்டவர், நோயுற்ற மனிதருக்கு அந்தச் செடி பயன்படும் என்று சொல்லும் உரிமையைப் பெற்றுவிட்டாரா? பெறவில்லையென்றால், அவர் கண்டதன் மதிப்பு என்ன? நம்பிக்கையைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லாத ஒருவரின் காதில் அந்தச் செய்தி விழும்போது, அதைச் சொல்பவருக்கு உள்ள கடமை யாது? இம்மூன்று கேள்விகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. அறிவு எவ்வாறு பிறக்கிறது என்பதை ஆராய்ந்த அளவை நூல்களும், சொல் எப்போது வாய்மையாகிறது என்பதை ஆராய்ந்த திருக்குறளும் இவற்றுக்கு விடை தேடுவோருக்குத் துணைநிற்கக் கூடியவை.

அளவை என்பது மெய்யறிவைத் தரும் வழி. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், பிற நூலோர் பலவாக விரித்துக் கூறிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிக் காட்டுகிறார். புலனும் மனமும் பொருளை நேரே பற்றுவது காட்சி. கண்ட ஒன்றை ஏதுவாகக் கொண்டு காணாத ஒன்றை உணர்வது கருதல். நம்பத்தக்கவரின் சொல்வழியே அறிவது உரை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் எடுத்துரைக்கும் பௌத்த அளவை நெறியோ காட்சியையும் கருத்தையும் மட்டுமே தனி அளவைகளாக ஏற்று, உரை முதலியவற்றைக் கருத்தினுள்ளேயே அடக்கிவிடுகிறது. மூலிகைச் சேர்மம் பற்றிய செய்தி ஆய்வுக்கூடத்தில் தோன்றி நோயாளியின் வீட்டை அடைவதற்குள் இம்மூன்று வழிகளையும் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் அது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்று பார்த்தால்தான் அதன் உண்மையின் அளவு புலப்படும்.

ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. செடியின் இலையோ வேரோ பட்டையோ உலர்த்திப் பொடியாக்கப்பட்டு, மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைக்கப்படுகிறது. கிடைத்த சாறு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் ஆற்றல் உடைய பகுதி மீண்டும் மீண்டும் பிரிக்கப்பட்டு, இறுதியில் தனிச் சேர்மம் ஒன்று கையில் கிடைக்கிறது. மறுபுறம், மனிதரின் புற்றுக்கட்டியிலிருந்து எப்போதோ எடுக்கப்பட்டு, ஊட்டநீரில் இடைவிடாது பெருகும்படி பேணப்பட்டுவரும் உயிரணுக்கள் இருக்கின்றன; ஒரே மூலத்திலிருந்து இவ்வாறு தொடர்ந்து வருபவற்றை உயிரணு வழி என்பர். அவை 96 குழிகள் கொண்ட நெகிழித் தட்டில் இடப்பட்டு, உடலின் வெப்பமான 37 பாகையில் வைத்து வளர்க்கப்படுகின்றன. சேர்மத்தைப் பல செறிவுகளில் குழிகளில் சேர்த்து, ஒன்று முதல் மூன்று நாள் கழித்து, உயிரோடு எஞ்சியவை எவ்வளவு என்று கணிக்கிறார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படுவது 1983இல் வெளியான எம்.டி.டி. சோதனை: மஞ்சள் நிற உப்பு ஒன்றைக் குழிகளில் சேர்த்தால், உயிருள்ள அணுக்களின் நொதிகள் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றுகின்றன, ஊதா அடர்ந்திருந்தால் உயிர் மிகுதி, வெளிறியிருந்தால் உயிர் குறைவு. உயிரணுக்களின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு எதுவோ, அதுவே சேர்மத்தின் வலிமையைக் காட்டும் எண்ணாகப் பதிவாகிறது. நோயற்ற திசுவிலிருந்து வந்த உயிரணுக்களின் மேலும் அதே சேர்மத்தைச் சோதித்து, அது நோயுள்ளதை மட்டும் தாக்குகிறதா, எதையும் வேறுபாடின்றித் தாக்குகிறதா என்று பார்ப்பது முறையான ஆய்வின் இன்றியமையாத பகுதி.

இங்கே காட்சி என்று எதைச் சொல்வது? ஆய்வாளர் காண்பது நிறம். கருவி அளப்பது அந்நிறத்தின் அடர்த்தி. உயிரணு மடிந்தது என்பது நிறத்தை ஏதுவாகக் கொண்டு செய்யப்பட்ட கருதல். அருணந்தியார் ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியையே அளவையாக ஏற்கிறார். ஒன்றோ மற்றொன்றோ என ஊசலாடுவது ஐயம், ஒன்றை மற்றொன்றாகவே துணிந்துவிடுவது திரிபு. மூலிகை ஆய்வில் திரிபு நிகழ்வதற்கான வாய்ப்பு அதிகம். ஏனெனில், தாவரங்களில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்கள் என்னும் சேர்மங்களுள் பல, உயிரணுவே இல்லாத நீரிலும் அந்த மஞ்சள் உப்பைத் தாமே ஊதாவாக மாற்றிவிடும் இயல்புடையவை. அப்போது மடிந்தவை உயிரோடிருப்பனபோலத் தோன்றும். சில சேர்மங்கள் தாமே ஒளிர்ந்து கருவியை ஏமாற்றும். ஆகவே உயிரணு இல்லாத குழி, சேர்மம் இல்லாத குழி, கரைப்பான் மட்டும் சேர்த்த குழி, ஆற்றல் முன்பே உறுதியான மருந்தைச் சேர்த்த குழி எனப் பல ஒப்பீடுகளை உடன் வைத்து ஆய்வாளர் திரிபை விலக்குகிறார். காட்சி தானே தூயதாக அமைவதில்லை. உழைப்பினால் தூயதாக்கப்படுகிறது என்பதே இந்த ஒப்பீட்டுக் குழிகள் உணர்த்தும் மெய்யியல் உண்மை.

இதைவிட ஆழமான திரிபும் நேர்ந்ததுண்டு. 1950களில் கே.பி. என்று பெயரிடப்பட்ட உயிரணு வழி ஒன்று, வாய்ப்புற்றிலிருந்து வந்ததாகக் கருதப்பட்டுப் பல்லாண்டுக் காலம் எண்ணற்ற தாவரச் சாறுகளைச் சோதிக்கப் பயன்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது அது ஹீலா என்னும் கருப்பைவாய்ப் புற்றின் உயிரணுக்களே என்று தெரியவந்தது. வேகமாகப் பெருகும் ஹீலா, பிற வழிகளின் கலங்களுக்குள் கலந்து அவற்றை முற்றாக நிரப்பிவிட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் கே.பி.யின் மேல் செய்த சோதனைகள் பயனற்றுப் போகவில்லை. மனிதப் புற்றுநோய் உயிரணு மடிந்தது என்பது உண்மையாகவே நின்றது, வாய்ப்புற்றின் உயிரணு மடிந்தது என்பது மட்டும் பொய்யாயிற்று. ஒரே கூற்றின் ஒரு பகுதி மெய்யாகவும் மறுபகுதி பொய்யாகவும் இருக்கக்கூடும் என்பதை மறந்தவர்களே அறிவியலை முழுதாக நம்பவோ முழுதாகத் தள்ளவோ விரைகிறார்கள்.

ஹீலா என்னும் பெயர் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயரிலிருந்து வந்தது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அவருடைய கட்டியிலிருந்து, அவரைக் கேளாமலே சிறு பகுதி எடுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், 31 வயதில் அவர் இறந்தார். அவருடைய உயிரணுக்கள் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அச்செய்தியை அவருடைய குடும்பத்தார் அறிந்ததோ இருபதாண்டுகளுக்குப் பின்னர்தான். இது முதன்மையாக அறம் பற்றிய செய்தி. அதோடு, குழியில் கிடைக்கும் அறிவின் இயல்பையும் இது காட்டுகிறது. குருதியோட்டம், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நோயெதிர்ப்பு, அச்சம், வறுமை, பிள்ளைகள் எனத் தம்மோடு இயைந்த அனைத்திலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு துணுக்காகவே மனிதர் அங்கே இருக்கிறார். அவ்வாறு பிரிப்பதனால்தான் சோதனை தெளிவாகிறது. பிற காரணங்கள் எல்லாம் விலக்கப்பட்டால்தான் சேர்மம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியும். ஆகவே குழியின் வலிமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: மனிதரை நீக்கியதனால் அது அறிகிறது, நீக்கியதனாலேயே மனிதரைப் பற்றி அது இன்னும் பேச இயலாதிருக்கிறது.

நீக்கிய மனிதரை மீண்டும் சேர்ப்பது கருதலின் வேலை. புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டென்று அறிவதே அளவை நூல்கள் எடுத்துக்காட்டும் கருதல். அது செல்லுபடியாவதற்குப் புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் தவறாத உடனிகழ்ச்சி தேவை. இதைத் திருப்பி, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று கூறினால் தவறாகிவிடும். ஈர விறகு இருந்தால்தான் நெருப்பு புகையும், பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. சொல்லப்படாமல் மறைந்து நிற்கும் இத்தகைய நிபந்தனையை நியாய நூலார் உபாதி என்று அழைத்து, உபாதி உள்ள ஏது மெய்யறிவைத் தராது என்று வரையறுத்தனர். குழியில் உயிரணுவை அழிப்பது உடலிலும் கட்டியை அழிக்கும் என்னும் கருதலில் மறைந்திருக்கும் உபாதிகள் பல. சேர்மம் குடலில் சிதையாமல் உறிஞ்சப்பட வேண்டும். கல்லீரல் அதை உருமாற்றி வெளியேற்றிவிடக் கூடாது. குருதியில் உள்ள புரதங்கள் அதைப் பிணைத்து வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டியினுள் போதிய செறிவில் போதிய நேரம் அது தங்க வேண்டும். அதே செறிவு இதயத்தையும் நரம்பையும் மஜ்ஜையையும் கெடுக்காதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் குழியில் கண்டது குழியோடு நின்றுவிடும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்குச் சிறந்த சான்று. தமிழர் வீட்டில் சமையலுக்கும் மங்கலத்துக்கும் மருந்துக்கும் பொதுவான பொருளாகிய மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான இச்சேர்மம், குழியில் பலவகைப் புற்றுநோய் உயிரணுக்களை அடக்குகிறது என்று பெருந்தொகையான ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. ஆனால் நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமினை மனிதர் விழுங்கினாலும், குருதியில் அதன் செறிவு ஏறத்தாழ 2 மைக்ரோமோல் அளவைத் தாண்டுவதில்லை. குழிகளில் விளைவு காட்டப் பொதுவாகத் தேவைப்படும் செறிவோ இதைவிடப் பன்மடங்கு. அது நீரில் கரைவது அரிது. உடலின் இயல்பான காரநிலையில் விரைவில் சிதைகிறது. பல புரதங்களோடு வேறுபாடின்றி ஒட்டிக்கொள்வதாலும், தானே ஒளிர்வதாலும் சோதனைக் கருவிகளையும் மயக்குகிறது. 2017இல் மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றில் வெளிவந்த விரிவான மதிப்பாய்வு, குர்குமினைக் கொண்டு நடந்த 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைக் கருத்தில் கொண்டு, மருந்து எது, வெற்று மருந்து எது என்பதைக் கொடுப்பவரும் பெறுபவரும் அறியாவண்ணம் ஒப்பிட்டு நடத்தப்பட்டவற்றுள் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று முடிவுரைத்தது. இதனால் மஞ்சளின் சிறப்புக்கு எவ்விதக் குறைவும் இல்லை. குழிக்கும் உடலுக்கும் இடையே உள்ள உபாதிகளைக் கடக்காத கருதல் எவ்வளவு முறை திரும்பச் சொல்லப்பட்டாலும் அறிவாகிவிடாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

இவ்வளவு இடையூறு உள்ளதென்றால் கருதலையே கைவிடுவது நேர்மையல்லவா என்று ஒருவர் கேட்கலாம். காட்சி ஒன்றையே அளவையாக ஏற்ற உலகாயதர் அப்படித்தான் கேட்டனர்: எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் உள்ள புகையையும் நெருப்பையும் எவரும் கண்டதில்லை, ஆகவே காணாததைப் பற்றிய எந்தத் துணிபும் நில்லாது என்பது அவர் வாதம். இதற்கு நித்தியகல்யாணி விடை கூறுகிறது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டு, வெப்பநாடுகளெங்கும் பரவி, தமிழகத்தின் தென்மாவட்டங்களில் ஏற்றுமதிக்காகவே பயிரிடப்படும் இச்செடியின் இலையைக் கரீபியக் கடலில் உள்ள ஜமைக்கா தீவினர் நீரிழிவுக்குக் கஷாயமாக்கிக் குடித்துவந்தனர். 1952இல் அங்கிருந்து வந்த இலைகளைக் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் எலிகளில் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசிவழி செலுத்திய எலிகளோ நோய்த்தொற்றால் இறந்தன. ஏனென்று தேடியதில், குருதியின் வெள்ளணுக்கள் அருகிப்போனது தெரிந்தது. வெள்ளணுக்களை அருகச் செய்வது, அவை கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோயை அடக்கவும் கூடும் என்னும் கருதல் அங்கே பிறந்தது. அவரும் சார்ல்ஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடா முதலியோர் தனியே அச்செடியை ஆராய்ந்து வின்கிரிஸ்டினையும் கண்டறிய, அது 1963இல் அந்நாட்டில் மருந்தாக ஏற்கப்பட்டது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுப்பது இச்சேர்மங்களின் தொழில். ஒருகாலத்தில் ஏறக்குறைய அனைவரையும் கொன்றுவந்த குழந்தைப் பருவக் கடும் இரத்தப் புற்றுநோயிலிருந்து, நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் அளவுக்குப் பிழைக்கிறார்கள். அதற்குக் காரணமான கூட்டு மருந்துகளுள் வின்கிரிஸ்டின் முதன்மையானவற்றில் ஒன்று.

பசிபிக் யூ மரத்தின் பட்டை கடந்த வழியும் இதை உறுதிசெய்கிறது. 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் சேகரிக்கப்பட்ட அப்பட்டையின் சாறு, மேலே கூறிய கே.பி. உயிரணுக்களை அழிப்பதாக 1964இல் தெரியவந்தது. மன்ரோ வால் என்பவரும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் 1971இல் அதிலிருந்த சேர்மத்தின் வேதிக் கட்டமைப்பை வெளியிட்டனர். அச்சேர்மம் நுண்குழல்களைக் கலையவிடாமல் உறையச் செய்து உயிரணுப் பிரிவை நிறுத்துகிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் விளக்கினார். 1992இல்தான் டாக்சால் என்னும் பெயரில் சினைப்பைப் புற்றுக்கு மருந்தாயிற்று. பட்டையைச் சேகரித்ததிலிருந்து மருந்துவரை 30 ஆண்டுகள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1981 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தாவரச் சாறுகளைச் சோதித்தது. அவற்றுள் மருந்தாக உயர்ந்தவை மிகச் சில. உலகாயதர் கூறியதுபோல உடனிகழ்ச்சியை முழுதாகக் காண இயலாது என்பது உண்மையே. ஆயினும் உபாதிகளை ஒவ்வொன்றாக எதிர்கொண்டு விலக்கும் நீண்ட பொறுமையால் கருதல் உறுதிபெறும் என்பதும் உண்மை. அந்தப் பொறுமைக்குப் பெயர்தான் ஆய்வு.

இந்த இடத்தில் சமய நம்பிக்கை சார்ந்த கேள்வி ஒன்று குறுக்கிடுகிறது. இயற்கை இறைவனின் அருட்கொடை என்றால், செடியிலிருந்து வந்தது நன்மையே செய்யும் என்று கொள்வதில் பிழை என்ன? விவிலியத்தின் சீராக் நூல் மருந்துகளை இறைவனின் படைப்பாகக் கருதுகிறது. ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தும் தந்திருக்கிறான் என்னும் கருத்து நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெறுகிறது. பௌத்த விநய நூலில் ஜீவகனின் கதை உண்டு: தட்சசீலத்தில் மருத்துவம் பயின்ற அவனிடம் ஆசிரியர் மருந்தாகாத செடி ஒன்றைத் தேடிவருமாறு பணிக்க, அவன் நெடுந்தொலைவு தேடியும் அப்படியொன்றைக் காணாமல் திரும்பினான், அதைக் கேட்ட ஆசிரியர் அவனுடைய கல்வி நிறைவுற்றது என்றார். இக்கதையைச் செடிகள் எல்லாம் நல்லவை என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர், ஆசிரியர் செடிகளைப் பாராட்டவில்லை, மாணவனின் அறிவையே பாராட்டினார் என்பதைக் கவனிப்பதில்லை. கற்கத் தொடங்கிய முதல்நாளில் ஜீவகன் அதே விடையைச் சொல்லியிருந்தால் அது அறியாமையாக இருந்திருக்கும். நித்தியகல்யாணி அந்த ஆல்கலாய்டுகளை மனிதருக்காக ஆக்கவில்லை. தன்னைத் தின்னவரும் உயிர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே ஆக்கிற்று. புற்றுநோய் உயிரணுவை நிறுத்தும் அதே வின்கிரிஸ்டின் நரம்புகளைத் தாக்கும். சிரை வழியன்றித் தண்டுவட நீரில் தவறிச் செலுத்தப்பட்டால் உயிரைக் கொல்லும் என்பதனால் அதற்கெனத் தனிக் காப்புமுறைகள் மருத்துவமனைகளில் கடைப்பிடிக்கப்படுகின்றன. படைப்பில் அருளைக் காணும் நம்பிக்கை இதனால் பொய்யாகிவிடவில்லை. அருள் என்பது செடியில் ஆயத்தமாகக் கிடப்பதாக இல்லாமல், செடியையும் நோயையும் நோயாளியையும் அறிந்துகொள்ள மனிதருக்கு வாய்த்த ஆற்றலின் வழியே வருவதாக அந்நம்பிக்கை ஆழம் பெறுகிறது.

மூன்றாவது வழியாகிய உரைதான் நோயாளியை நேரே சென்றடைவது. குழியையோ அதன் நிறத்தையோ அவர் காணப்போவதில்லை. உபாதிகளை எண்ணிப் பார்க்கும் நிலையிலும் அவர் இல்லை. யாரோ ஒருவர் சொல்வதை நம்புவதன்றி அவருக்கு வேறு வழியில்லை. உரையை அளவையாக ஏற்ற மரபினர் எவருடைய சொல்லையும் ஏற்றுவிடவில்லை: பொருளை உள்ளவாறு அறிந்தவராகவும், அறிந்ததை மறைக்காது கூறுபவராகவும், கேட்பவரின் நன்மையை நாடுபவராகவும் இருப்பவரின் சொல்லே அளவை என்றனர். இம்மூன்றும் ஒருங்கே அமைவது அரிது. தலைமுறை தலைமுறையாக மூலிகையைக் கையாண்டவருக்கு அன்பும் பழக்க அறிவும் இருக்கலாம், உடலின் உள்ளே நிகழ்வது தெரியாதிருக்கலாம். ஜமைக்காவின் மரபு நீரிழிவைச் சுட்டியது, செடியின் ஆற்றலோ வேறிடத்தில் இருந்தது. ஆய்வாளருக்குக் குழியைப் பற்றிய அறிவு முழுமையாக இருக்கலாம், தன் கண்டுபிடிப்பின் எல்லையை உரத்துச் சொல்லும் துணிவு குறைந்திருக்கலாம். விற்பவருக்கு இரண்டும் இல்லாமல் பேச்சுவன்மை மட்டும் இருக்கலாம்.

எல்லை சொல்லாத உரையின் விளைவு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வாதுமைப் பழ இனத்தைச் சேர்ந்த பழங்களின் கொட்டைகளில் உள்ள அமிக்டலின் என்னும் சேர்மமும் அதிலிருந்து ஆக்கப்பட்ட லேட்ரைலும், 1970களில் அமெரிக்காவில் இயற்கையான புற்றுநோய் மருந்தாகப் பெரும் ஆரவாரத்தோடு பரப்பப்பட்டன. மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த சார்ல்ஸ் மோர்ட்டல் தலைமையில் 178 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1982இல் வெளியான சோதனை, அதனால் நோய் தணியவில்லை என்பதையும், சிலருடைய குருதியில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது என்பதையும் காட்டியது. தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில் புற்றுநோயை வெல்லும் பழம் என்று போற்றப்படும் முள்சீத்தாவில் உள்ள அன்னோனாசின், குழியில் உயிரணுக்களைக் கொல்லக்கூடியதுதான். அதே அன்னோனாசின் நரம்பணுக்களையும் கெடுப்பது. இப்பழத்தையும் இலைக் கஷாயத்தையும் மிகுதியாக உட்கொண்ட குவாதலூப் தீவினரிடையே பார்க்கின்சன் நோயை ஒத்த நடுக்கநோய் மிகுதியாகக் காணப்பட்டதை 1999இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். குழியில் கொல்வது என்னும் ஒரே பண்பு, மருந்தாகவும் நஞ்சாகவும் மாறக் காத்திருக்கும் பண்பு. அது எதுவாகும் என்பதைக் குழி சொல்வதில்லை.

இங்கே கருணையின் பெயரால் எழும் எதிர்வாதம் கடுமையானது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் இடம் அளித்திருக்கிறார். மருத்துவம் கைவிட்ட ஒருவருக்கு, இந்த இலை உங்களைக் காக்கும் என்று கூறி மன அமைதியைத் தருவது அவ்வகைப்பட்டதாகாதா என்பது அவ்வாதம். வள்ளுவரின் நிபந்தனையை விடாது பற்றிக்கொண்டால் விடை தெளிவாகும். நன்மை தந்தால் போதும் என்று அவர் கூறவில்லை; அந்நன்மை குற்றம் தீர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறார். நோயாளியின் கையில் எஞ்சியிருப்பது காலமும் சிறிது பொருளும் தெளிந்த மனமும்தான். பொய்யான நம்பிக்கை இம்மூன்றையும் கவர்ந்துகொள்கிறது. குணமாக்கக்கூடிய நிலையில் இருந்த நான்கு வகைப் புற்றுநோயாளிகளை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, முறையான சிகிச்சையை மறுத்து மாற்று முறைகளை மட்டுமே நாடியவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு மற்றவரைவிட இரண்டரை மடங்கு. ஆகவே அந்தப் பொய்யின் நன்மை குற்றம் தீர்ந்ததன்று. அது வாய்மையின் இடத்தைப் பெறாது. மருத்துவம் முற்றும் கைவிட்ட நிலையிலும், ஒருவருக்குத் தரத்தக்க ஆறுதல் உடனிருப்பதும் வலியைத் தணிப்பதுமே. அவருடைய அறிவை ஏமாற்றித் தரும் ஆறுதல், அவரை அறிவுடைய மனிதராக மதிப்பதை நிறுத்திவிட்ட ஒருவரிடமிருந்தே வர முடியும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குற்றம் உண்டு. குழிச் சோதனைகள் பெரும்பாலும் மருந்தாவதில்லை என்பதைக் காட்டி மூலிகை ஆய்வையே வீண் என்று தள்ளுவோர், எல்லை கடந்து பேசுவோரைப் போலவே கூற்றின் நிபந்தனையை மறைக்கின்றனர். நித்தியகல்யாணியும் யூ மரமும் இல்லாத புற்றுநோய் மருத்துவத்தை எண்ணிப் பார்க்க இயலாது. ஓர் இலையை உலர்த்தி, சாறெடுத்து, எளிய கருவிகளோடு உண்மையாக உழைத்து, இச்செறிவில் இவ்வுயிரணு இத்தனை நாளில் இவ்வளவு குறைந்தது என்று எழுதும் மாணவர் சிறியதொரு மெய்யை உலகுக்குச் சேர்க்கிறார். அந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் அதன் உயிர். அவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, மூலிகை புற்றுநோயைக் குணமாக்குகிறது என்று சுருக்குகிறவர், செய்தியைச் சுருக்கவில்லை, வேறொரு செய்தியை உண்டாக்குகிறார்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் ஆகிய நால்வகையும் கூடியது என்று முடிகிறது. நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலத்தின் நிலை ஆகியவற்றை அளந்தே செயற்பட வேண்டும் என்றும் அது பணிக்கிறது. ஆய்வுக்கூடத்தின் குழியில் இந்நான்கினுள் மருந்தாகக்கூடிய ஒன்று மட்டுமே இருக்கிறது. மற்ற மூன்றும் இனிமேல் வந்து சேர வேண்டியவை. அவை சேரும்வரை அதைப் பற்றிய நேர்மையான சொல், அதன் எல்லையையும் உடன்கொண்டு செல்லும் சொல்லாகவே இருக்க முடியும். வாய்மை என்பது பொய் சொல்லாமை மட்டுமன்று. தான் சொல்வது எந்த நிபந்தனையில், எந்த அளவில், யாருக்கு உண்மை என்பதையும் மறைக்காது கூறுவது. அறிவியலிடமிருந்து நோயாளி பெறும் உரிமையுடையது அத்தகைய சொல்லே. இறைவனிடமிருந்து அருளை எதிர்பார்க்கும் சமயத்தவர் தம்மருகில் உள்ள நோயாளிக்குத் தரக் கடமைப்பட்டதும் அதே சொல்தான்.